பாளையங்கோட்டைப் பயில்முறை இசைக்குழுக்கள்: கீர்த்தனையும் ஒத்திகையும்

1. முன்னுரை

தமிழிசை வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூவகையினரைப் பற்றியே விரித்து எழுதியுள்ளனர். பாடல் இயற்றிய புலவர் ஒரு வகையினர். அவரைப் புரந்த மன்னரும் குறுநிலத் தலைவரும் மற்றொரு வகையினர். இசையையே குலத்தொழிலாகவும் வாழ்க்கைத் தொழிலாகவும் கொண்ட கலைஞர் மூன்றாம் வகையினர். இம்மூவரின் வேறாகிய நான்காம் வகையினரும் உளர். பகலில் ஆசிரியராகவோ எழுத்தராகவோ உழவராகவோ மாணவராகவோ இருந்து, மாலையில் ஓரிடத்துக் கூடிப் பாடியும் இசைத்தும் பயில்வோரே அவர். அவர்தம் வரலாறு இன்னும் முறையாக ஆராயப்பெறவில்லை.

நாடகத் துறையில் இத்தகையோரைப் பயில்முறைக் குழுவினர் என்று அழைக்கும் வழக்கு உண்டு. 1891ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய சுகுண விலாச சபையினர் தம் ஒத்திகைகளை எவ்வாறு நடத்தினர், எத்தகைய இடர்களை எதிர்கொண்டனர் என்பனவற்றை அச்சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் ‘நாடக மேடை நினைவுகள்’ என்னும் நூலில் எழுதி வைத்தார். அதனால் பயில்முறை நாடகத்திற்கு ஒரு வரலாறு உண்டாயிற்று. பயில்முறை இசைக்குழுக்களுக்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை.

அப்பெயரை இசைத்துறைக்கும் உரியதாக்கி, பொருநையாற்றின் கீழ்க்கரையில் அமைந்த பாளையங்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் கிறித்தவக் கீர்த்தனைகளைப் பாடிவந்த குழுக்களை இக்கட்டுரையில் ஆராய்கின்றோம். அக்குழுக்களின் ஏற்றத்தாழ்வுகளைக் காட்டுவதோடு, அவற்றின் ஒத்திகையே நூல்கள் காவாத இசையைக் காத்து வந்தது என்பதை நிறுவுதலும் எம் நோக்கம்.

2. குழுவிசையின் பண்டை இலக்கணம்

பல கருவிகளும் குரலும் ஒன்றியிசைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், ஆடலாசான், இசையாசான், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகிய அறுவரின் தகுதிகளும் தனித்தனியே கூறப்பெறுகின்றன. அவ்வரங்கில் யாழ் குழலின் வழி நிற்கின்றது. தண்ணுமை யாழின் வழியும், முழவு தண்ணுமையின் வழியும் நிற்கின்றன. ஒவ்வொரு கருவியும் எதனைக் கேட்டுத் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதை வகுத்துக் கூறும் இப்பகுதி, குழுவிசைக்கு அமைந்த செறிவான இலக்கணம் எனலாம்.

எனினும் அவ்விலக்கணம் தொழில்முறைக் கலைஞர்க்கு உரியது. மாதவி ஐந்தாம் அகவை தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்பது காப்பியம் தரும் செய்தி. வாரத்தில் ஓரிரு மாலைப்பொழுதே பெற்ற பயில்முறைக் குழுவினர் அவ்வளவு காலத்தை எங்ஙனம் பெறுவர்? யார் யாரைப் பின்பற்றி இசைப்பது என்னும் அதே சிக்கலை அவர்கள் குறைந்த காலத்தில் தீர்க்க வேண்டியிருந்தது. தீர்வு கண்ட மாலைகளும் உண்டு. காணாது கலைந்த மாலைகளும் உண்டு.

3. பாளையங்கோட்டையும் இருவகைப் பாட்டும்

1778ஆம் ஆண்டில் குளோரிந்தா என்னும் பெண்மணி சுவார்ட்சு ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றதும், 1780ஆம் ஆண்டின் திருச்சபைப் பதிவேட்டில் நாற்பதின்மர் பெயர் இடம்பெற்றதும், 1785ஆம் ஆண்டில் குளோரிந்தாவின் முயற்சியால் கோயில் எழுந்ததும் பாளையங்கோட்டைத் திருச்சபையின் தொடக்க நிகழ்ச்சிகள். 1820ஆம் ஆண்டில் இரேனியசு ஐயர் இவ்வூருக்கு வந்தார். தூய திரித்துவ ஆலயம் 1826ஆம் ஆண்டில் அமைந்தது. பின்னர்ப் பள்ளிகளும் ஆசிரியப் பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் பெருகின. எழுத்தறிந்த ஆசிரியரும் மாணவரும் ஓரூரில் மிகுதியாகத் திரண்டமையே பயில்முறைக் குழுக்கள் இங்குத் தழைத்தற்குத் தலையாய காரணம்.

இக்குழுக்களின் கையில் இருவகைப் பாட்டு நூல்கள் இருந்தன. ஒன்று, ஞானப்பாட்டு எனவும் பாமாலை எனவும் வழங்குவது. செருமானிய, ஆங்கிலப் பாடல்களின் மொழிபெயர்ப்புகள் இதில் மிகுதி. பதினெட்டாம் நூற்றாண்டில் பப்பிரிசியசு ஐயர் ஆற்றிய மொழிபெயர்ப்புப் பணி இவ்வகைக்கு அடிப்படையாயிற்று. மற்றொன்று கீர்த்தனை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளைக் கொண்டு, இராகமும் தாளமும் குறிக்கப்பெற்று, முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் முதலியோர் வளர்த்த வடிவத்தைப் பின்பற்றியது அது.

கீர்த்தனை வகையின் முதன்மைப் புலவராகிய வேதநாயக சாஸ்திரியார் 1774ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்தவர். இளமையிலேயே சுவார்ட்சு ஐயருடன் தஞ்சை சென்று, இரண்டாம் சரபோசி மன்னரோடு நட்புக் கொண்டு வளர்ந்து, 1864ஆம் ஆண்டில் மறைந்தார். திருநெல்வேலிச் சீமையின் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியால் புகழ்பெறச் செய்த இலக்கிய வகையிலேயே சாஸ்திரியாரும் பெத்லகேம் குறவஞ்சியை யாத்தார்.

இவ்விருவகைப் பாட்டிற்கும் இடையே தொடக்கத்திலேயே பூசல் எழுந்தது. 1820களில் புதிதாக வந்த குருமார் சிலர், விழாக்களிலும் திருமணங்களிலும் தமிழ்ப் பாடல்களைப் பாடுவதைத் தடுத்தனர். சாஸ்திரியார் இதனைத் தம் மக்களுக்கு இழைத்த கொடுமைகளுள் ஒன்றாகவே எண்ணிக் கண்டித்து எழுதினார். இரேனியசு ஐயர் பாளையங்கோட்டையிலிருந்து மேற்கொண்ட விவிலியத் திருத்தப் பணியையும் அவர் எதிர்த்தார். சாதி வேற்றுமை பற்றிய வழக்கும் இப்பூசலோடு கலந்திருந்தது என்பதையும், அதில் சாஸ்திரியார் பழைய வேற்றுமைகளைக் காக்க முயன்றவர் பக்கமே நின்றார் என்பதையும் ஆராய்ச்சியாளர் மறைத்தல் தகாது. எனினும், எந்த இசையில் கூடிப் பாடுவது என்பது அற்ப வினா அன்று என்பதனை இப்பூசல் தெளிவாகக் காட்டுகின்றது.

4. அச்சேறிய சொல்லும் அச்சேறாத இசையும்

1853ஆம் ஆண்டில் அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. தனிப் புலவர் ஒருவர் பாட மற்றையோர் கேட்டல் என்னும் நிலை மாறி, சபையார் அனைவரும் நூலைக் கையிற்கொண்டு பாடுதல் என்னும் நிலை வலுப்பெற இத்தகைய தொகுப்புகள் பெரிதும் உதவின.

அச்சு நூல் எதனைக் காத்தது, எதனைக் காவாது விட்டது என்று ஈண்டு நோக்குதல் வேண்டும். கீர்த்தனை நூலின் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் உள்ளன. பாட்டின் சொற்கள் முழுமையாக உள்ளன. மெட்டு இல்லை. ‘சங்கராபரணம், ஆதி’ என்னும் குறிப்பைக் கண்டு தேர்ந்த பாடகர் தாமே ஒரு மெட்டை அமைத்துக்கொள்ளலாம். முன்னோர் பாடிய மெட்டை அக்குறிப்பினின்று மீட்டல் அவர்க்கும் இயலாது. அக்காலத்துச் சிறு வெளியீடுகளில் இராகத்திற்கு மாறாக, இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று குறிக்கும் வழக்கமும் இருந்தது. அக்குறிப்பு, சுட்டப்பெற்ற பாட்டு மக்கள் நினைவில் நிற்கும்வரையே பயன்படும்.

பாமாலையின் நிலை வேறு. அதன் ஐரோப்பிய மெட்டுகள் ஐங்கோட்டு இசைக்குறியீட்டில் அச்சிடப்பெற்றிருந்தன. ஒரு குழு கலைந்து இருபதாண்டு சென்ற பின்னரும், அக்குறியீட்டைப் படிக்கவல்ல ஒருவர் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தால் மெட்டு மீண்டும் உயிர்பெறும். கீர்த்தனைக்கு இத்தகைய காப்பு இல்லை. குழு கலைந்தால் மெட்டும் மறையும். ஆதலின் கீர்த்தனை மரபில் ஒத்திகை என்பது விழாவிற்கு முன் செய்யும் ஆயத்தம் மட்டும் அன்று. அதுவே மெட்டுகளைச் சேமித்து வைக்கும் கருவூலமாகவும் இருந்தது.

5. ஒத்திகையின் நடைமுறை

இக்குழுக்களில் முதற்பாட்டாளர் ஒருவர் இருப்பார். சிற்றூர்களில் பெரும்பாலும் உபதேசியாரோ பள்ளி ஆசிரியரோ அப்பொறுப்பை ஏற்பார். அவர் ஓரடியைப் பாட மற்றையோர் திரும்பப் பாடுவர். அடி பிழையின்றி அமைந்த பின்னரே அடுத்த அடிக்குச் செல்வர். ஆர்மோனியம், பிடில், மிருதங்கம், கைத்தாளம் என்பன வழக்கமான கருவிகள்; எல்லாம் ஒருங்கே வாய்க்காதவிடத்துக் கைத்தாளம் ஒன்றே போதும். கிறித்துப் பிறப்பு, உயிர்த்தெழுந்த திருநாள், ஆலயப் பிரதிட்டைப் பண்டிகை, அசனப் பண்டிகை ஆகியன நெருங்கும்போது ஒத்திகை மிகும். அவை கழிந்ததும் குறையும்.

இவர்க்கு நேர்ந்த இடர்களுள் முதலாவது சுருதி. ஆடவர் குரலுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை இயல்பாக அமையும். மகளிர் குரலுக்கு ஐந்து கட்டையை ஒட்டிய சுருதி ஏற்கும். இருபாலாரும் சேர்ந்து பாடும் குழு இடைப்பட்ட ஒரு கட்டையை நாட வேண்டும். அங்ஙனம் நாடியவிடத்து, அனுபல்லவி மேற்றாயிக்கு ஏறும்போது ஆடவர் குரல் நெரியும். பல்லவி கீழிறங்கும்போது மகளிர் குரல் அமிழும். குழுவின் முதற்பூசல் பெரும்பாலும் இதன்பொருட்டே எழும். இதற்குக் கண்ட தீர்வுகளுள் ஒன்று, மேலேறும் பகுதியைச் சுருக்கி மெட்டை நடுத்தாயியில் நிறுத்துதல்.

இரண்டாவது இடர் தாளம். மிருதங்கம் வாசிப்பவர் வாராத மாலையில் பாட்டு மெல்ல மெல்ல இழுபடும். அவர் வந்த மாலையில், தேர்ச்சி குறைந்தவராயின், சரணத்திற்குச் சரணம் காலம் விரைந்து ஓடும். பின்வரிசையில் இருப்போர் முதற்பாட்டாளரின் குரலைக் கேட்டுப் பாடுவதால் அரையடி பிந்துவர். சிலம்பு வகுத்த வரிசைமுறையின் அருமை இவ்விடத்தே புலனாகும்.

மூன்றாவது இடர் ஆர்மோனியம். ஐரோப்பாவில் தோன்றிய இக்கருவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் கையால் துருத்தியை இயக்கும் சிறுபெட்டியாக உருமாறி நாடெங்கும் பரவியது. விலை குறைவு, தூக்கிச் செல்ல எளிது, சுருதி பிசகாது என்னும் மூன்று நன்மைகளால் பயில்முறைக் குழுவுக்கு இது உற்ற துணையாயிற்று. ஆயினும் அதன் பன்னிரு சுரங்கள் அசைவற்றவை. சங்கராபரணம், அரிகாம்போதி, மோகனம் போன்ற இராகங்களை அது ஓரளவு தாங்கும். கமகத்தையே உயிராகக் கொண்ட தோடி, சகானா போன்றவற்றைத் தாங்காது. அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு முதல் பல்லாண்டுகள் இக்கருவியை விலக்கி வைத்தமைக்கும் இக்குறை ஒரு காரணமாகக் கூறப்பெற்றது. வானொலி விலக்கிய கருவியைப் பயில்முறைக் குழுவினர் விலக்கவில்லை. அவர்க்கு வேறு துணை இல்லை. அதனால் கமகம் நிறைந்த மெட்டுகள் காலப்போக்கில் நேர்ச்சுரங்களாகத் தேய்ந்தன.

நான்காவது இடர் வருகை. பொருநைப் பாசனத்தில் கார், பிசானம் என்னும் இரு போகங்களின் நடவும் அறுப்பும், தென்கீழ்த் தேரிக்காட்டு ஊர்களில் பதனீர்ப் பருவமும் ஆட்களை ஈர்த்துக்கொள்ளும். பாளையங்கோட்டையிலோ கல்வியாண்டே பருவம். கோடை விடுமுறையில் மாணவர் ஊர் திரும்புவர். பயிற்சி முடிந்த ஆசிரியர் வேற்றூர்ப் பள்ளிக்குச் செல்வர். ஓராண்டு முழுதும் உழைத்து அமைத்த குழு ஒரு மாற்றல் ஆணையால் குலைவதுண்டு. எனினும் இவ்விழப்பே மறுபுறத்தில் ஆக்கமும் ஆயிற்று. பாளையங்கோட்டையில் மெட்டைக் கற்ற இளைஞர் தாம் சென்ற சிற்றூரில் புதிய குழுவை அமைத்தார். ஒரே பாட்டு ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டு ஒலிப்பதற்கும் இதுவே காரணம் எனக் கருதுகின்றோம்.

6. குறியீட்டு முயற்சிகள்

மெட்டை எழுத்தில் காக்கும் முயற்சி அக்கால நெல்லைச் சீமையிலேயே உருப்பெற்றது. முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் மறைந்தார். ஐரோப்பியப் பாண்டு வாத்தியக் குழுவினர் இசைத்த மெட்டுகளுக்குச் சங்கராபரண இராகத்தில் அவர் அமைத்த சாகித்தியங்கள் நோட்டுச்சுரம் எனப்படும். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் பிடிலைக் கற்றுத் தமிழக இசைக்கு உரியதாக்கி, எட்டயபுர அரசவையில் விளங்கினார். பாளையங்கோட்டைக் குழுக்கள் ஐரோப்பிய மெட்டையும் தமிழ் மெட்டையும் ஒரே ஆர்மோனியத்தில் இசைத்தபோது எழுந்த சந்திப்பு, எட்டயபுரம் சார்ந்த இசைவாணரிடம் முன்பே வேறு தரத்தில் நிகழ்ந்திருந்தது. இருவிடத்தும் பாலமாக அமைந்தது, ஐரோப்பியப் பேரளவைக்கு ஒத்த சங்கராபரணமே.

தமிழ்க் கிறித்தவராகிய அ. மு. சின்னசாமி முதலியார், கருநாடக இசைப் பாடல்களை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி 1893ஆம் ஆண்டில் வெளியிடத் தொடங்கினார். அவருடைய தூண்டுதலும் துணைசெய்யச் சுப்பராம தீட்சிதர் இயற்றிய ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் அச்சேறியது. தென்காசிப் பகுதியின் சாம்பவர்வடகரையில் 1859ஆம் ஆண்டில் பிறந்த மு. ஆபிரகாம் பண்டிதர், தஞ்சையில் மருத்துவராகவும் இசை ஆராய்ச்சியாளராகவும் புகழ்பெற்றார். இசை பயிலத் தொடங்குவோர்க்கு உதவும் தமிழ்ப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் 1907ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்னும் பெயரில் வெளியிட்டார். 1912ஆம் ஆண்டில் சங்கீத வித்தியா மகாசன சங்கத்தைத் தோற்றுவித்தார். 1917ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளிக்கொணர்ந்தார். இரண்டாண்டு கழித்து மறைந்தார். பயில்வோர்க்கெனத் தமிழிலேயே சுரக்குறிப்பு நூல் செய்தமையால் பயில்முறை இசையின் வரலாற்றில் பண்டிதர்க்குத் தனியிடம் உண்டு.

எல். ஐ. ஸ்டீபனும் எச். ஏ. பாப்லியும் சேர்ந்து 1914ஆம் ஆண்டில் வெளியிட்ட கைந்நூல், இசைவழி நற்செய்தி கூறும் குழுக்களுக்கு வழிகாட்ட எழுந்தது. கதாகாலட்சேப முறையைக் கிறித்தவப் பணிக்குப் பயன்படுத்துதலை அது வலியுறுத்திற்று.

இவ்வளவு முயற்சிகள் இருந்தும், சபையார் கையில் இருந்த கீர்த்தனை நூல் சொற்களையும் இராக தாளப் பெயர்களையும் மட்டுமே தாங்கி நின்றது. சுரக்குறிப்பைப் படிக்கவல்லோர் சிலரே. செவியால் கற்போர் பலர். ஆகவே மெட்டின் நற்பேறும் தீப்பேறும் ஒத்திகையையே சார்ந்திருந்தன.

7. பிழையா, மரபா?

இனி, ஆராய்ச்சியாளர் முடிவு செய்யவேண்டிய வினா ஒன்று எழுகின்றது. நூலின் தலைப்பில் குறித்த இராகம் ஒன்றாக, சபையார் பாடும் மெட்டு வேறொன்றாகப் பல கீர்த்தனைகளில் காணப்படுகின்றது. இசைவாணர் இதனைப் பிழை என்பர். பயிலாத மக்கள் நல்ல இராகத்தைக் கெடுத்தனர் என்பது அவர் கருத்து. இக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஒத்திகை தளர்ந்த காலத்தில் இராகத்தின் நுண்மை குன்றியது என்பதை மேலே கண்டோம்.

ஆயினும், மேற்கூறிய நடைமுறைகளை ஒருங்கு வைத்து நோக்கின் வேறொன்றும் புலப்படும். மேற்றாயிப் பகுதியைச் சுருக்கியது இருபாலாரும் சேர்ந்து பாடுதற்பொருட்டு. கமகத்தை நேராக்கியது ஆர்மோனியத்தோடும் நூறு குரலோடும் இயைதற்பொருட்டு. இவற்றுள் சில அறியாமையால் விளைந்தவை. சிலவோ தேர்ந்து கொண்ட தீர்வுகள். தலைப்பிலுள்ள இராகம் தனிப்பாடகர் பாடிய வடிவத்திற்குச் சான்று. சபையாரின் மெட்டு, பல தலைமுறைக் குழுக்கள் கூடிப் பாடிய வரலாற்றிற்குச் சான்று. இரண்டும் சான்றுகளே. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அழித்தல் வரலாற்று நெறி அன்று.

மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையைத் திருச்சபை வழிபாட்டிற்குக் கொணர்ந்தவர். மக்கள் தம் பாட்டைத் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளும் உரிமையை அவர் வற்புறுத்தினார். அவர் பணியை ஆராய்ந்து சோயி ஷெரினியன் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், கீர்த்தனை, பாமாலை, நாட்டுப்பாட்டு என்னும் மூன்றின் பின்னே நின்ற சாதி, வகுப்பு நிலைகளையும் விளக்குகின்றது. மெட்டு மாறுதலைப் பிழை என்னும் ஒரு சொல்லால் ஒதுக்குதல் இயலாது என்பதற்கு இவ்வாராய்ச்சியும் துணை நிற்கின்றது.

8. இன்றைய நிலையும் செய்யத்தக்கனவும்

இக்காலத்தில் மின்விசைப் பலகையும் ஒலிபெருக்கியும் ஒலிப்பதிவும் ஒத்திகையின் இயல்பை மாற்றிவிட்டன. பதிவுசெய்த ஒரு மெட்டை எல்லா ஊர்க் குழுக்களும் கேட்டுப் பாட இயலுகின்றது. சுருதியும் தாளமும் பிசகுதல் குறைந்தது. தேர்ந்த பாடகரின் நுண்மைகள் சிற்றூருக்கும் எட்டின. இவை ஆக்கம். ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த மெட்டுகள் ஒரே மெட்டாக ஒடுங்குகின்றன. இது கேடு. ஓலைச்சுவடிகளின் பாடவேறுபாடுகளைக் கண்ணெனக் காக்கும் தமிழாராய்ச்சியாளர், பாட்டின் மெட்டு வேறுபாடுகளைக் காவாது விடுதல் முறையாகுமா?

ஆதலின் மூன்று பணிகளை முன்வைக்கின்றோம். கீர்த்தனை நூலின் பழம்பதிப்புகளை ஒப்புநோக்கி, ஒவ்வொரு பாட்டிற்கும் குறித்த இராக தாளங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளனவா என்று அட்டவணை செய்தல் ஒன்று. ஒரே பாட்டைப் பல ஊர்களில் முதியோர் வாய்வழிக் கேட்டுச் சுரக்குறிப்புடன் பதிதல் மற்றொன்று. விழா நாளின் பாட்டை மட்டும் அன்றி ஒத்திகையையும் பதிவுசெய்தல் மூன்றாவது. முதற்பாட்டாளர் எவ்விடத்து நிறுத்தித் திருத்துகின்றார், எதனைத் திருத்தாது விடுகின்றார் என்பதனை ஒத்திகையே காட்டும். ஒரு குழு எதனைப் பிழையெனக் கொள்கின்றது, எதனைத் தன் மரபெனக் கொள்கின்றது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது.

இரண்டாம் பணியே விரைந்து செய்தற்குரியது. பழம்பதிப்புகள் நூலகங்களில் இன்னும் சிலகாலம் இருக்கும். பழைய முதற்பாட்டாளர்களை அடுத்து உட்கார்ந்து பாடிய தலைமுறையினர் இன்று முதுமை எய்தியுள்ளனர். அவர்தம் செவியில் நிற்கும் மெட்டுகளுக்கு வேறு படி இல்லை. பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க்குழுவின் பத்துப் பாடல்களைக் குறித்துத் தருவாராயின், பொருநை நாட்டுப் பயில்முறை இசையின் வரலாற்றை எழுதுதற்கு உரிய மூலங்கள் சில ஆண்டுகளிலேயே நம் கைக்கு வந்து சேரும்.